பேசும் நாடாவும் கேட்கும் செவியும்: பயணத்திற்கான ஒலிக்கருவிகளின் வரலாறு பற்றி ஒரு நோக்கு

ஒரு கருவியின் வரலாற்றை எழுதுவோர் அதனைக் கண்டுபிடித்தவர் யார், கண்டுபிடித்த ஆண்டு யாது என்னும் இரு வினாக்களுக்கு விடை கண்டதும் பெரும்பாலும் மனநிறைவு அடைந்துவிடுகின்றனர். அக்கருவி யாருடைய தேவையை மனத்திற் கொண்டு அமைக்கப்பட்டது, அதனை விலை கொடுத்து வாங்கியோர் உண்மையில் அதனை எதற்குப் பயன்படுத்தினர் என்பன அதே அளவு முக்கியமான வினாக்களாகும். பயணத்தின்போது கையிற் கொண்டு செல்லத்தக்க ஒலிப்பதிவுக் கருவி, அதனோடு இணைந்த ஹெட்போன் ஆகியவற்றின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1979ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி யப்பானின் சோனி நிறுவனம் 'வோக்மன்' என்னும் பெயருடன் சிறியதொரு கசெற் கருவியை விற்பனைக்கு விட்டது. மின்கலங்களுடன் சேர்த்து ஏறத்தாழ 390 கிராம் எடையுடைய அக்கருவி, உலகெங்கும் மக்கள் இசை கேட்கும் முறையை மாற்றியது என்று பின்வந்தோர் போற்றினர். ஆயின், அதனுள்ளே இருந்தவற்றுட் பெரும்பாலானவை முன்னரே அறியப்பட்டவை. கசெற் அப்போது 16 ஆண்டுப் பழமையுடையது. கருவியின் உடலும் இயந்திரப் பகுதியும் அதே நிறுவனம் செய்தியாளருக்கென முன்பு விற்ற சிறிய ஒலிப்பதிவுக் கருவியினின்றும் பெறப்பட்டவை. அப்பழைய கருவியினின்று இரண்டு உறுப்புகள் நீக்கப்பட்டமையே வோக்மனின் சிறப்பியல்பாயிற்று. நீக்கப்பட்டவற்றுள் ஒன்று ஒலிபெருக்கி. மற்றொன்று ஒலிப்பதிவு செய்யும் ஆற்றல்.

இந்நீக்கம் ஒரு குறிப்பிட்ட பயணியின் தேவைக்கு மிகப் பொருத்தமானதாய் இருந்தது. அதே ஆண்டுகளில் ஆசியாவின் வேறொரு பகுதியிலே இலட்சக்கணக்கானோர் மேற்கொண்ட வேறொரு பயணத்திற்கோ நீக்கப்பட்ட அவ்விரு உறுப்புகளுமே இன்றியமையாதனவாய் இருந்தன. இவ்விரு பயணிகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதுதான் இக்கருவிகளின் வரலாறு முழுமை பெறும் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

பதிவுக்கெனப் பிறந்த கருவி

காந்தமுறை ஒலிப்பதிவின் தொடக்கம் 1898ஆம் ஆண்டுக்குரியது. தென்மார்க்கைச் சேர்ந்த வல்டெமார் போல்சன் என்பவர் உருக்குக் கம்பியொன்றைக் காந்தமாக்குவதன் மூலம் குரலைப் பதிந்து மீட்கும் கருவியை அவ்வாண்டு அமைத்தார். தொலைபேசிச் செய்திகளைப் பதிந்து வைப்பதே அவர் கருதிய பயன். 1900ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் இக்கருவி காட்சிக்கு வைக்கப்பட்டபோது, ஒஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பின் குரல் அதிற் பதியப்பட்டது. அப்பதிவு இன்றும் எஞ்சியுள்ளது.

உருக்குக் கம்பியின் இடத்தை நாடா பிடித்துக்கொண்டது ஜேர்மனியிலாகும். 1928 இல் பிறிற்ஸ் புளொய்மர் என்பவர் இரும்புத் துகள் பூசிய காகித நாடாவுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதனடியாக வளர்ந்த 'மக்னற்றோபோன்' என்னும் கருவி 1935 இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் மக்கள் முன் வைக்கப்பட்டது. எனினும், அதனைப் பயணத்திற் கொண்டு செல்வதென்பது எளிதாக நினைத்துப் பார்க்கத்தக்க காரியமன்று.

இக்குறையை நீக்கியவர்களுள் முதன்மையானவர் போலந்திற் பிறந்து சுவிற்சர்லாந்திற் கல்வி கற்ற ஸ்ரெபான் குடெல்ஸ்கி ஆவார். அவர் 1951 இல் அமைத்த கருவி ஒருவர் தோளில் மாட்டிச் செல்லத்தக்கது. சுவிற்சர்லாந்து வானொலி நிலையங்களின் செய்தியாளர் அதனை முதலிற் பயன்படுத்தினர். பின்னர் திரைப்பட ஒலிப்பதிவாளர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். அக்கருவிக்கு அவர் இட்ட பெயர் 'நாக்றா' என்பது. போலிஷ் மொழியில் அச்சொல்லுக்கு 'பதிவு செய்யும்' என்பது பொருள். இப்பெயர் கூர்ந்து நோக்கத்தக்கது. அக்காலத்திற் பயணத்திற்குரிய ஒலிக்கருவி என்றால் அது பதிவுக் கருவியே. வெளியே செல்பவன் உலகின் ஒலியைச் சேகரித்து வருபவன் எனக் கருதப்பட்டானேயன்றி, வீட்டிலிருந்த இசையைத் தன்னுடன் எடுத்துச் செல்பவனாகக் கருதப்படவில்லை.

கசெற்றின் வருகை

திறந்த சுருள்களில் நாடாவைக் கோத்துப் பூட்டுவது பழக்கமில்லாதவர்க்குத் தொல்லையான வேலை. இத்தொல்லையை நீக்கியது ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் பேர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கசெற் ஆகும். பெல்ஜியத்தின் ஹசெல்ற் நகரிலிருந்த அந்நிறுவனத் தொழிற்சாலையில் லூ ஒற்றென்ஸ் என்பவர் தலைமையில் இம்முயற்சி நடைபெற்றது. வேலை தொடங்குமுன் ஒற்றென்ஸ் தமது மேலங்கிப் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு மரத்துண்டை வெட்டுவித்து, அமையவிருக்கும் கருவி அதனிலும் பெரிதாக இருத்தலாகாது என வரையறுத்தார் என்பர். பொறியியலாளர் ஒருவர் ஒலியின் தரத்திலிருந்து தொடங்காது சட்டைப் பையின் அளவிலிருந்து தொடங்கினார் என்பது இக்கருவியின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை.

இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கசெற்றின் நாடா 3.81 மில்லிமீற்றர் அகலமே கொண்டது. அது ஒரு செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுவது. ஒலிப்பதிவுக் கூடங்களில் வழங்கிய 38 சென்ரிமீற்றர் வேகத்துடன் ஒப்பிடின் இது எட்டில் ஒரு பங்கு. நாடா ஒடுங்கியதும் மெல்ல ஓடுவதுமாயின் இசையின் உயர் சுரங்கள் மங்கும். நாடாவின் இரைச்சல் மேலெழும். பேச்சைப் பதிவதற்கு இக்குறைகள் தடையல்ல. முதலிற் கசெற் பேச்சுப் பதிவுக்கே ஏற்றதெனக் கருதப்பட்டதன் காரணம் இதுவேயாகும். 1960களின் இறுதியில் றே டொல்பி வகுத்த இரைச்சல் குறைக்கும் முறையும், அதையடுத்து வந்த குரோமியம் ஈரொட்சைட்டு நாடாவுமே கசெற்றை இசைக்குத் தகுதியுடையதாக்கின.

பிற நிறுவனங்கள் கசெற்றைத் தயாரிக்கக் கட்டணமின்றி அனுமதி வழங்கப் பிலிப்ஸ் இணங்கியமை அதன் பரவலுக்கு மற்றொரு காரணம். இவ்விணக்கத்திற்கான பேச்சுவார்த்தையிற் சோனியின் சார்பில் முக்கிய பங்கு கொண்டவர் நொறியோ ஓகா. பேர்லினில் இசை பயின்ற பாடகரான அவர் பின்னர் அந்நிறுவனத்தின் தலைமைப் பதவியை அடைந்தார். ஒரு நாட்டிற் பதிந்த கசெற் மற்றொரு நாட்டின் எந்தக் கருவியிலும் ஓடும் என்ற நிலை இதனால் உண்டாயிற்று. பின்னர் குடும்பங்கள் கடல் கடந்து குரலை அனுப்பக் கூடியதாயிருந்தமைக்கு இப்பொது அளவே அடிப்படையாகும்.

அமெரிக்காவின் அப்பலோ விண்வெளிப் பயணங்களில் 1968 முதல் நிகழ்ந்த ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. விண்வெளி வீரர் தம் குறிப்புகளை வாயாற் சொல்லிப் பதிவதற்கெனச் சோனியின் ரி.சி. 50 என்னும் சிறிய கசெற் பதிவுக் கருவி அவர்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் கொண்டு சென்ற கசெற்றுகளில் இசையும் பதியப்பட்டிருந்தது. குறிப்பெழுதுவதற்குத் தரப்பட்ட கருவி நெடும்பயணத்தின் துணையாயிற்று. பதிதல், கேட்டல் என்னும் இரு பயன்களும் ஒரே கருவியுள் அமைதியாக உடனிருந்த காலம் அது.

செவிக்குரிய கருவி

ஹெட்போனின் வரலாறு இதனினின்றும் வேறான பாதையில் வளர்ந்தது. அதன் தாயகம் தொலைபேசி நிலையமும் போர்க்கப்பலும் ஆகும். அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தைச் சேர்ந்த நெதேனியல் போல்ட்வின் தம் வீட்டுச் சமையலறையிற் செய்த ஹெட்போன்களை 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கடற்படை கொள்வனவு செய்தது. கம்பியில்லாத் தந்தியின் மெல்லொலியைக் கேட்பதற்கு அவை உதவின. இசைக்கும் அவற்றுக்கும் தொடர்பு இருக்கவில்லை.

1958 இல் மில்வோக்கி நகரைச் சேர்ந்த ஜோன் கொஸ் என்பவர், பிறருக்குத் தொல்லையின்றித் தனித்துக் கேட்கத்தக்க ஒரு கையடக்க இசைத்தட்டுக் கருவியைக் கண்காட்சியொன்றுக்குக் கொண்டு சென்றார். அதனுடன் துணைப்பொருளாக இணைத்திருந்த ஸ்ரீரியோ ஹெட்போனையே மக்கள் விரும்பினர், முதற்பொருள் மறக்கப்பட்டது. இவ்வாறு ஹெட்போன் இல்லத்தின் இசைச் சாதனமாயிற்று. ஆயினும் அது காதை முற்றாக மூடும் கனத்த பொருளாகவே இருந்தது. 1968 இல் ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் மென்பஞ்சு வைத்த திறந்த அமைப்புடைய ஹெட்போனை வெளியிட்டது. காதை அடைத்தால்தான் நல்லிசை கேட்கும் என்ற எண்ணம் அதனுடன் தளர்ந்தது.

விமானப் பயணிகளின் நிலை இதனிலும் தாழ்ந்தது. விமானங்களில் வழங்கப்பட்டவை பெரும்பாலும் மருத்துவரின் இதயத்துடிப்புமானியைப் போன்ற குழாய்கள். இருக்கையின் கைப்பிடியில் இருந்த சிறிய ஒலிபெருக்கியின் ஓசை அக்குழாய் வழியே காற்றாகக் காதுக்கு வந்தது. விமான எந்திரத்தின் முழக்கத்திடையே அதிற் கேட்கும் இசை எத்தகையதாய் இருக்குமென விளக்க வேண்டியதில்லை. ஆகவே நல்லிசையில் நாட்டமுள்ள ஒரு பயணிக்கு 1970களின் இறுதிவரை தகுந்த கருவி இருக்கவில்லை.

நீக்கத்தாற் பிறந்த புதுமை

அத்தகைய பயணி ஒருவர் சோனி நிறுவனத்தின் தாபகரான மசாறு இபுக்கா. 1908 இற் பிறந்த அவர் அக்காலத்தில் எழுபது வயதைக் கடந்து, நிறுவனத்தின் கௌரவத் தலைவராக இருந்தார். வெளிநாட்டுப் பயணங்களில் இசை கேட்பதற்கென அவர் கொண்டு சென்ற ரி.சி. டி5 என்னும் ஸ்ரீரியோக் கருவி தரத்திற் சிறந்தது. ஆனால் சுமப்பதற்குக் கனமானது. 'பிரஸ்மன்' என்னும் செய்தியாளர் கருவியை ஸ்ரீரியோவாக மாற்றி, கேட்பதற்கு மட்டும் உரியதாய் அமைத்துத் தருமாறு அவர் ஓகாவிடம் கேட்டார். ஒலிப்பதிவுக் கருவிப் பிரிவின் பொறுப்பாளரான கோசோ ஓசோனேயின் குழுவினர் பதிவு உறுப்பையும் ஒலிபெருக்கியையும் அகற்றி, அவ்விடத்தில் ஸ்ரீரியோவுக்கு வேண்டிய மின்சுற்றைப் பொருத்திக் கொடுத்தனர். இபுக்கா அதனை விமானத்திற் பயன்படுத்தி மகிழ்ந்து, திரும்பியதும் நிறுவனத் தலைவர் அக்கியோ மொறிற்றாவிடம் காட்டினார்.

அதே நிறுவனத்தின் வேறொரு பிரிவில், 300 முதல் 400 கிராம் வரை எடையிருந்த ஹெட்போனை ஏறத்தாழ 50 கிராமுக்குக் குறைக்கும் ஆய்வு நடந்து கொண்டிருந்தது. வெவ்வேறு பிரிவுகளின் இவ்விரு முயற்சிகளும் இணைந்ததே வோக்மன். 1979 பெப்ரவரியில் மொறிற்றா கூட்டம் கூட்டி, மாணவரின் கோடை விடுமுறைக்கு முன் கருவி கடைக்கு வரவேண்டும் என்று பணித்தார். நான்கு மாதங்களே எஞ்சியிருந்தன.

நிறுவனத்தின் உள்ளும் வெளியும் எழுந்த எதிர்ப்பு ஒரே வினாவாக இருந்தது: பதிவு செய்ய இயலாத ஒரு கசெற் கருவியை எவர் வாங்குவர்? இவ்வினாவை அறியாமை என்று ஒதுக்கிவிடல் ஆகாது. ஒலிக்கருவியின் எண்பதாண்டு வரலாறு முழுவதும் அவ்வினாவின் பின்னே நின்றது. மொறிற்றா தனிப்பட்ட பொறுப்பை ஏற்பதாகக் கூறியே முயற்சியை முன்னெடுத்தார். 33,000 யென் விலையில் 30,000 கருவிகள் முதலில் தயாரிக்கப்பட்டன. முதல் மாதத்தில் ஏறத்தாழ 3,000 மட்டுமே விலைபோயின. இளைஞரைக் கொண்டு ரோக்கியோவின் வீதிகளிலும் புகைவண்டிகளிலும் கருவியை அணிந்து நடமாடச் செய்த பின்னர், ஓகஸ்ட் முடிவதற்குள் இருப்பு முழுவதும் தீர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 'சவுண்ட் அபவுற்' என்றும், பிரித்தானியாவில் 'ஸ்ரோ எவே' என்றும், சுவீடனில் 'பிறீ ஸ்ரைல்' என்றும் வெவ்வேறு பெயர்களில் விற்கப்பட்ட கருவி, விரைவில் எங்கும் 'வோக்மன்' என்ற ஒரே பெயரைப் பெற்றது.

முதல் வோக்மனில் இருந்த ஒரு சிறு உறுப்பு இக்கட்டுரையின் கருத்துக்கு மிகவும் வேண்டியது. தனித்து இசை கேட்பது பிறரை அவமதிப்பதாகும் என எண்ணிய மொறிற்றா, இருவர் கேட்பதற்கு இரண்டு ஹெட்போன் துளைகளை வைப்பித்தார். அத்துடன் 'ஹொட் லைன்' எனப்பட்ட செம்மஞ்சள் நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அதனை அழுத்தியதும் இசை தணிந்து, கருவியிலிருந்த ஒலிவாங்கி வழியே அருகிலிருப்பவரின் பேச்சுக் காதிற் கேட்கும். பழைய பதிவுக் கருவியின் ஒலிவாங்கி இவ்வாறு புதிய கருவியிலும் எஞ்சி நின்றது. ஆனால் அதனூடாகச் சென்ற குரல் நாடாவிற் பதியாமல் காற்றோடு கரைந்தது. வாங்கியோர் கருவியைத் தமக்கே உரிய உடைமையாகக் கொண்டனர். பிறரோடு பகிர்வதில் அவர்களுக்கு நாட்டமிருக்கவில்லை. பின்வந்த மாதிரிகளில் அப்பொத்தான் கைவிடப்பட்டது.

உரிமை பற்றிய வழக்கு

வோக்மனைக் கண்டுபிடித்தவர் யார் என்னும் வினா நீதிமன்றம் வரை சென்றது. ஜேர்மனியிற் பிறந்து பிரேசிலில் வளர்ந்த அந்திரியாஸ் பாவெல் என்பவர் 1972 இலேயே இடுப்பில் அணிந்து ஹெட்போன் வழியாக இசை கேட்கும் அமைப்பொன்றை ஆக்கி, சுவிற்சர்லாந்தின் பனிமலைப் பகுதியில் அதனைப் பரிசோதித்தார். பல நிறுவனங்கள் அதனை ஏற்க மறுத்தன. 1977 இல் இத்தாலியில் அவர் உரிமைப் பத்திரத்திற்கு விண்ணப்பித்தார். சோனியுடன் அவர் நடத்திய வழக்குகள் நீண்டன. 1996 இல் பிரித்தானிய மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு மாறாகத் தீர்ப்பளித்தது. ஈற்றில் 2003 இல், தொகை வெளியிடப்படாத ஓர் உடன்பாட்டில் பிணக்கு முடிவுற்றது.

இவ்வழக்கின் நியாயம் எப்பக்கத்ததாயினும் அதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. பாவெல், இபுக்கா ஆகிய இருவரும் ஒருவரையொருவர் சாராது கற்பனை செய்த பயணி ஒரே வகையினன். அவன் மலைக்கு உல்லாசமாகச் செல்பவன் அல்லது விமானத்தில் ஏறிச் சென்று சில வாரங்களில் வீடு திரும்புபவன். அவன் வீட்டாருடன் தொடர்பு கொள்ளத் தொலைபேசி உண்டு. எனவே அவனுக்குக் காது மட்டும் போதும்; வாய் வேண்டியதில்லை.

வளைகுடாவுக்குச் சென்ற பயணி

1973 இல் எண்ணெய் விலை உயர்ந்ததையடுத்து, பாரசீக வளைகுடா நாடுகளில் கட்டட வேலைகளும் பிற தொழில்களும் பெருகின. கேரளம், பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை முதலிய இடங்களிலிருந்து தொழிலாளர் அங்கு சென்றனர். இலங்கையிலிருந்து சென்றோர் தொடக்கத்திற் பெரும்பாலும் ஆண்கள். 1980களிற் பணிப்பெண்களாகச் சென்ற பெண்களின் தொகை பெருகிற்று. 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டமை இப்பெயர்ச்சியின் அளவைக் காட்டும்.

இவர்களது பயணம் ஈராண்டோ மூவாண்டோ தொடர்வது. சர்வதேசத் தொலைபேசி அழைப்புக்கு ஆகும் செலவு அவர்களின் வருவாய்க்கு மிஞ்சியது. ஊரில் உள்ள குடும்பத்தாரிடம் தொலைபேசியும் இல்லை. கடிதமே வழி. ஆனால் கடிதம் எழுதவும் படிக்கவும் வல்லார் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கவில்லை. பிறரைக் கொண்டு எழுதுவித்தால் கணவன் மனைவியர் தமக்குள் பேசும் சொற்கள் மூன்றாமவர் அறியச் செல்ல வேண்டியிருந்தது. இந்நிலையிற் கசெற் கடிதமாயிற்று. தொழிலாளி தன் கருவியிற் பேசிப் பதிந்த நாடாவை ஊருக்குத் திரும்பும் நண்பன் கையிற் கொடுத்து அனுப்புவான். வீட்டிலே குடும்பத்தினர் அனைவரும் சூழ்ந்திருந்து அதனைக் கேட்பர். மறுமொழியையும் அவ்வாறே பதிந்து அனுப்புவர். இச்சூழலிலிருந்து தனியொரு பாடல் வகையே கேரளத்திற் செல்வாக்குப் பெற்றது. 1970களின் பிற்பகுதியில் எஸ். ஏ. ஜமீல் என்னும் மாப்பிளைப் பாடலாசிரியர் இயற்றிய 'துபாய்க் கடிதப் பாட்டு', வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் மடலாக அமைந்து மலையாளிகளிடையே பெரும் புகழ் பெற்றது.

இத்தொழிலாளர் வாங்கிய கருவி எத்தகையது என்பது நோக்கத்தக்கது. வானொலியும் கசெற்றும் இணைந்த, கைப்பிடியுடைய, பெரிய ஒலிபெருக்கி பூட்டிய 'ரூ இன் வன்' கருவியையே அவர்கள் விரும்பினர். ஊர் திரும்பும்போது அதனைச் சுமந்து வருவது அக்காலத்து விமான நிலையங்களின் வழமையான காட்சி. இலங்கையில் 1977 இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதால் கடைகளிலும் அத்தகைய கருவிகள் எளிதிற் கிடைக்கலாயின. அதன் எடையைக் கொண்டும் பகட்டைக் கொண்டும் அவ்விருப்பத்தைப் பழித்தோர் உண்டு. ஆயினும் தொழிலாளியின் தேர்வு தெளிவான காரணங்களை உடையது. குரலை அனுப்பப் பதிவு உறுப்பு வேண்டும். வந்த குரலை ஐந்தாறு பேர் ஒன்றாயிருந்து கேட்க ஒலிபெருக்கி வேண்டும். இபுக்காவுக்காக அகற்றப்பட்டவை இவ்விரண்டுமே. 390 கிராம் கருவியினால் இப்பயணிக்குக் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம்.

வாங்குவோர் எதிர்கொண்ட தேர்வு

1980களிற் பயணத்திற்கென ஒலிக்கருவி வாங்க முனைந்த ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருந்தவற்றை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம். கேட்பது மட்டுமே நோக்கமாயின் எடை குறைந்த கருவி போதுமானது. பதிவும் வேண்டின் கருவி கனக்கும், விலையும் கூடும். இரண்டையும் உயர் தரத்தில் வேண்டிய செய்தியாளருக்கும் கள ஆய்வாளருக்குமெனச் சோனி 1982 இல் 'வோக்மன் புரொபெஷனல்' என்னும் மாதிரியை வெளியிட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் அகற்றப்பட்ட பதிவு உறுப்பு இதிலே திரும்பவும் இடம்பெற்றது. ஆனால் சாதாரண வோக்மனிலும் பன்மடங்கு விலையில்.

ஹெட்போனின் தேர்வும் இத்தகையதே. திறந்த அமைப்பு மென்மையானது. நெடுநேரம் அணிந்தாலும் காது வியர்க்காது. வீதியில் வரும் வாகனத்தின் ஓசையும் கேட்கும். அதே காரணத்தால் பேருந்தின் இரைச்சலும் உட்புகும். அதனை வெல்ல வேண்டிக் கேட்பவர் ஒலியைக் கூட்டுவார். மூன்று டெசிபெல் கூடினாற் காதைச் சேரும் ஒலியாற்றல் இருமடங்காகும். பாதுகாப்பாகக் கேட்கத்தக்க நேரமோ பாதியாகும். மூடிய அமைப்பு இரைச்சலை ஓரளவு தடுக்கும், ஆனால் கனமானது. இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வைத் தேடியவர் அமர் போஸ். வங்காளத்தினின்று அமெரிக்காவிற் குடியேறிய சுதந்திரப் போராளி ஒருவரின் மகனும் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் பேராசிரியருமான அவர், 1978 இல் சூரிச்சிலிருந்து திரும்பும் விமானத்திற் கொடுக்கப்பட்ட ஹெட்போனிற் குறை கண்டு, இரைச்சலின் அலைக்கு எதிரலையை உண்டாக்கி அதனை அழிக்கும் முறைக்குரிய கணிப்புகளை அப்பயணத்திலேயே தொடங்கினார். அம்முறை 1989 இல் விமானிகளுக்குரிய ஹெட்போனாகவும், 2000இல் பொதுப் பயணிகளுக்குரியதாகவும் விற்பனைக்கு வந்தது. இதற்கும் ஓர் ஒலிவாங்கி தேவைப்பட்டது. அதன் தொழிலோ வெளியுலகின் ஒலியைப் பிடித்து அதனை இல்லாமற் செய்வது.

முடிவுரை

கேட்பதற்கு மட்டுமான கருவியின் வழியிலேயே பின்னைய வளர்ச்சி பெரிதும் அமைந்தது. 1984 இல் இறுவட்டுக்குரிய 'டிஸ்க்மன்', 1998 இல் கொரியாவின் 'எம்பிமன்', 2001 இல் அப்பிள் நிறுவனத்தின் 'ஐபொட்' என அவ்வரிசை தொடர்ந்தது. கசெற் வோக்மனின் தயாரிப்பை யப்பானில் நிறுத்துவதாகச் சோனி 2010 இல் அறிவித்தது. அதுவரை 20 கோடிக்கு மேற்பட்ட கசெற் வோக்மன்கள் விற்பனையாகியிருந்தன. 1984 இல் வெளிவந்த 'வோக்மன் விளைவு' என்னும் சூகெய் ஹொசொகாவாவின் கட்டுரை முதலாக, நகரத்து மனிதன் தன் செவியைச் சூழ ஒரு தனியுலகை அமைத்துக்கொண்டமை பற்றி அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சிகள் பயன்மிக்கவை, எனினும் அவற்றின் நடுவே நிற்பவன் முதலாவது பயணியே.

இரண்டாவது பயணியின் தேவை அழிந்துவிடவில்லை. 2013 இல் 'வட்ஸ்அப்' செயலி குரற்செய்தி அனுப்பும் வசதியைச் சேர்த்தபோது, வளைகுடாவிலிருந்து வந்த நாடாக் கடிதம் புதிய உருவிற் பிறந்தது. எழுதத் தயங்குபவரும் எழுத நேரமில்லாதவரும் அதனை உடனே கைக்கொண்டனர். பதிதலும் கேட்டலும் மீண்டும் ஒரே கருவியுள் வந்து சேர்ந்தன. 1979 இற் பலர் கேட்ட, பதிவு செய்யாத கருவியை எவர் வாங்குவர் என்னும் வினா, விற்பனைக் கணக்கில் தோற்றது. மனிதத் தேவையின் கணக்கில் தோற்கவில்லை.

வரலாறு பயில்வோர்க்கு இதிலிருந்து ஒரு கடமையும் எழுகின்றது. வோக்மன் இன்று அருங்காட்சியகங்களிற் கண்ணாடிப் பேழையுள் பாதுகாக்கப்படுகிறது. நாடாக் கடிதங்களின் நிலை வேறு. ஒரே நாடாவை அழித்து அதிலேயே மறுமொழி பதிய முடிந்தமையால் அவற்றுட் பல பதிந்த சில நாட்களிலேயே மறைந்தன. எஞ்சியவை அலுமாரிகளின் அடியிலும் பழைய பெட்டிகளிலும் கிடக்கின்றன. வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டிற் காந்த நாடாவின் ஆயுள் சில பத்தாண்டுகளே; பூஞ்சணம் பிடித்த நாடாவை மீட்பது கடினம்; அதனை ஓட்டுவதற்குரிய கருவிகளும் அருகி வருகின்றன. ஏடெழுதாத மக்களின் வரலாற்றை எழுதச் சான்றில்லை என்று குறைபடும் நாம், அவர்கள் தம் வாயாற் பேசி வைத்த சான்று கைக்கெட்டும் தூரத்தில் அழிவதைக் காண்கின்றோம். உரியவர்களின் இசைவுடன், அவர்தம் அந்தரங்கத்துக்கு ஊறு நேராவண்ணம், அந்நாடாக்களைத் திரட்டிப் படியெடுத்துப் பேணும் பணி பல்கலைக்கழகங்களின் நூலகங்களும் மாணவரும் ஒருங்கே மேற்கொள்ளத்தக்கது. அதற்கு வேண்டிய கருவி எளியது: பதியவும் ஒலிக்கவும் வல்ல பழைய கசெற் றெக்கோடர் ஒன்று.